கூகைக்கிழங்கு தோண்டப் போனது

என் மூத்த மகள் தவழ ஆரம்பித்திருந்த கோடையில் எங்கள் ஊருக்குக் காலரா வந்தது. அந்தப் பெயரை ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அதற்குக் காது கேட்டுவிடும் என்பது போல, "அது வந்துடுச்சாம்" என்பார்கள். "மேலத் தெருவுல ஒரு வூட்டுக்குள்ள பூந்துடுச்சாம்" என்பார்கள். காலையில் கிணற்றடியில் என்னோடு பேசிக்கொண்டிருந்த பெண்ணைச் சாயங்காலம் தூக்கிக்கொண்டு போனார்கள். அழுவதற்குக்கூட அந்த வீட்டுக்கு ஆள் போகவில்லை.

உலகச் சண்டை நடந்த காலம் அது. எங்கள் ஊர் பாப்பிரெட்டிப்பட்டிக்குக் கிழக்கே, சித்தேரி மலை இறங்கி முடிகிற இடத்தில் இருந்தது. பாதிப் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே தங்கள் தங்கள் கொல்லைக்காட்டிலிருந்த கொட்டாய்க்குக் குடிபோய்விட்டார்கள். எங்களுக்குக் கொல்லைக்காடும் இல்லை, கொட்டாயும் இல்லை. என் வீட்டுக்காரர் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தார். நோய் தீரும்வரை தோட்டத்து ஆட்கள் கீழே இறங்கக் கூடாது என்று கட்டளை போட்டிருந்தார்களாம். ஆகவே வீட்டில் நான், குழந்தை, என் நாத்தனார், இவ்வளவுதான்.

நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே புருஷன் வீட்டை விட்டுத் திரும்பி வந்தவர். ஏன் வந்தார் என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. நெட்டையான உடம்பு, கனத்த குரல். "தண்ணி மொண்டாச்சா?", "மாட்டுக்கு வெச்சாச்சா?" என்பதற்கு மேல் என்னிடம் அவர் பேசிய பேச்சு குறைவு. குழந்தையை அவர் தூக்கிக் கொஞ்சி நான் பார்த்ததே இல்லை. அவர் இருக்கிற இடத்தில் நான் சத்தமில்லாமல் நடப்பேன்.

குழந்தைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தபோது, பல் முளைக்கிறது, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் வாந்தியும் சேர்ந்துகொண்டது. ஆட்டுப்பால் கொடுத்தேன், தங்கவில்லை. அரிசிக் கஞ்சியை வடிகட்டிக் கொடுத்தேன், அதுவும் தங்கவில்லை. பங்குனியில் எனக்கு வந்த காய்ச்சலில் தாய்ப்பால் வற்றிப்போயிருந்தது. குழந்தையின் உச்சிக்குழி உள்ளே இறங்கியது. அழுதால் கண்ணில் நீர் வரவில்லை. எதிர்வீட்டுக்காரி எங்கள் பக்கம் இருந்த சன்னலைச் சாத்திவிட்டாள். அவள் நினைத்ததைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிணற்றில் மருந்துத்தூள் போட வந்த சர்க்கார் ஆள் ஒருவர் வாசற்படிக்கு வெளியே நின்றபடியே குழந்தையைப் பார்த்தார்.

"கொதிச்ச தண்ணியில உப்புப் போட்டு வாயில வுட்டுக்கிட்டே இருங்கம்மா. வயித்துல தங்குற மாதிரி ஏதாச்சும் லேசா குடுங்க" என்றார்.

"அதுதானுங்களா இது?" என்று கேட்டேன்.

அவர் மருந்துத்தூளைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

வயிற்றில் தங்குவது என்றால் எங்கள் பக்கத்தில் கூகை மாவுதான். கூகை, மஞ்சளுக்கும் இஞ்சிக்கும் ஒட்டுறவான காட்டுச் செடி. மார்கழி வாக்கில் அதன் இலையெல்லாம் காய்ந்து மண்ணோடு போய்விடும். கோடை முழுக்க அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. முதல் மழை விழுந்ததும் இலைக்கு முன்னால் பூ வந்து நிற்கும். வெறும் மண்ணிலிருந்து ரோஜா நிறத்தில் ஒரு கதிர், அதன் மடல்களுக்குள் சின்னச் சின்ன மஞ்சள் பூ. மலைப் பெண்கள் அந்தக் கதிரைக் கொண்டையில் செருகிக்கொண்டு சந்தைக்கு வருவார்கள். இலை விரிந்த பிறகு அதில் கொழுக்கட்டையைப் பொதிந்து வேகவைப்போம். கிழங்கை இழைத்து வீக்கத்துக்குப் பற்றுப் போடுவார்கள். மாவைக் காய்ச்சி வேட்டிக்குக் கஞ்சி போடுவதும் உண்டு. ஆனால் பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் அந்த மாவு வயிற்றுக்குத்தான். வேறு எதையும் தாங்காத வயிறு கூகைக் கஞ்சியைத் தாங்கும்.

மலையிலிருந்து ஒரு பெண் வாராவாரம் சந்தைக்குக் கொண்டுவருவாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். என் மகளை மடியில் வாங்கிக்கொண்டுதான் மாவை அளப்பாள். ஊரில் நோய் வந்ததிலிருந்து மலையிலிருந்து ஒருவரும் இறங்கவில்லை. வீட்டில் இருந்த கடைசி மாவைக் காய்ச்சிக் கொடுத்தேன். அன்று ஒருவேளை மட்டும் குழந்தை வாந்தி எடுக்காமல் தூங்கியது. அதற்குப் பிறகு பானையைச் சுரண்டினாலும் ஒன்றும் இல்லை.

பானையைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டு நான் நின்றதை நாத்தனார் பார்த்தார். மறுநாள் விடிந்ததும் ஒரு கூடையையும் பழைய புடவை ஒன்றையும் எடுத்து வாசலில் வைத்தார்.

"கொழந்தையத் துணியில கட்டிக்க. மலைக்குப் போவலாம்" என்றார்.

மலைப்பாதையில் நாத்தனார் கூடையோடு முன்னால் நடந்தார். முந்தின வாரம் நல்ல மழை பெய்து மண் ஈரமாக இருந்தது. குழந்தை என் மார்பில் துணிப்பொதி போலக் கிடந்தது. அது முனகினால் பயமாக இருந்தது. முனகல் நின்றால் அதைவிடப் பயமாக இருந்தது. நடந்துகொண்டே அதன் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொள்வேன்.

முதல் மலையூருக்குக் கொஞ்சம் கீழே பாதையை மறித்து முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். ஆள் உயரத்துக்கு இலந்தை முள்ளும் காரை முள்ளும். அதற்கு அப்பால் ஒரு ஆள் கொடுவாளோடு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"அங்கியே நில்லுங்க. மேல வராதீங்க."

"மாவு வாங்கிட்டுப் போயிடறோமுங்க. கொழந்தைக்குத்தான்" என்றார் நாத்தனார்.

"கொழந்தைக்கு என்னா?"

நாத்தனார் பொய் சொல்லுவார் என்று நினைத்தேன். "வயித்தால போவுதுங்க" என்றார்.

அந்த ஆள் முகம் மாறியது. பின்னால் திரும்பி ஏதோ கத்தினார். நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். அவர்களில் மாவுக்காரியும் இருந்தாள். என்னைப் பார்த்து ஓரடி முன்னால் வந்தவள், என் மார்பில் இருந்த துணியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். சந்தையில் என் மகளை மடியில் வைத்துக்கொள்கிறவள் அவள். அவள் நகர்ந்ததைப் பார்த்தபோது, குழந்தை பிழைக்காது என்று எனக்குள்ளே ஏதோ சொல்லிவிட்டது. அழக்கூட வரவில்லை.

"மாவு இல்ல ஆத்தா, நெசமாவே இல்ல" என்று அவள் முள்ளுக்கு அப்பாலிருந்து கத்தினாள். "எங்கூட்டுலயும் புள்ளைங்க இருக்குது. நீங்க போயிடுங்க."

"போயிடறோம். கெழங்கு எங்க இருக்குதுன்னு மட்டும் சொல்லு" என்றார் நாத்தனார்.

அவள் கொடுவாள்காரரைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

"ஓடையோட கீழ்க்கரையில பூ வந்திருக்கும். பூவைப் பாத்துத் தோண்டுங்க. அந்தப் பக்கம் கரடி வருது, பாத்துக்குங்க."

சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். நாங்கள் திரும்பி நடக்க ஆரம்பித்த பிறகு, ஒரு சின்னக் கடப்பாரை சரிவில் உருண்டு வந்து எங்கள் முன்னால் விழுந்தது. "அதைத் திருப்பிக் கொண்டாராதீங்க" என்று அவள் குரல் மட்டும் கேட்டது.

ஓடைக்கரையில் அவள் சொன்ன மாதிரியே பூ இருந்தது. சருகுக்கு நடுவில், மரத்தடியில், பாறை இடுக்கில் என்று ரோஜா நிறத்தில் கதிர் கதிராக நின்றது. வேறு நாளாக இருந்தால் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டிருப்பேன். குழந்தையை ஒரு மரத்தடியில் படுக்க வைத்துவிட்டுத் தோண்டினோம். நாத்தனார் பாரையால் குத்துவார். நான் கையால் மண்ணைப் பறித்துக் கிழங்கை எடுப்பேன். கூகை விரல் விரலாகத் தொங்கும் சின்னக் கிழங்கு. நிறைய தோண்டினால்தான் ஒரு பிடி மாவு வரும். கொஞ்ச தூரத்தில் கரடி கிளறியது போல ஒரு கரையான் புற்று பிளந்து கிடந்தது. பிளந்த மண் இன்னும் ஈரமாக இருந்தது. அதை நான் பார்த்தேன், நாத்தனாரும் பார்த்தார். இரண்டு பேரும் இன்னும் வேகமாகத் தோண்டினோம்.

கூடை முக்கால் நிறைந்திருக்கும். ஓடைக்கு மேலே புதருக்குள்ளிருந்து ஒரு உறுமல். மூக்கை உறிஞ்சுவது போல, கிழவன் இருமுவது போல. அதைத் தொடர்ந்து கிளைகள் ஒடியும் சத்தம்.

"கொழந்த!" என்றார் நாத்தனார்.

நான் எழுவதற்குள் அவர் பாய்ந்து குழந்தையை வாரி எடுத்துவிட்டார். தோண்டிப் போட்டிருந்ததை மண்ணோடும் சருகோடும் இரண்டு கையாலும் அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டு நான் அவர் பின்னால் ஓடினேன். கரடியை நான் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. அது எங்கள் பின்னால் வருகிறது என்று நினைத்துக்கொண்டே பாதை வரை ஓடினேன். பாதையில் நின்றபோது குழந்தை நாத்தனார் தோளில் இருந்தது. அதன் தலையை அவர் உள்ளங்கையால் பொத்திப் பிடித்திருந்தார். வீடு வந்து சேரும்வரை அவர் அதை என்னிடம் கொடுக்கவில்லை.

இருட்டுவதற்குள் கிழங்கைக் கழுவித் தோல் சீவி, சல்லடைத் தகரத்தில் துருவி, தொட்டித் தண்ணீரில் கரைத்து வைத்தோம். காலையில் பார்த்தபோது மேலே மஞ்சள் தண்ணீர் தெளிந்து, அடியில் வெள்ளையாக மாவு படிந்திருந்தது. தண்ணீரை இறுத்துவிட்டு வேறு தண்ணீர் ஊற்றிக் கலக்கினேன். நாத்தனார் கூடையைத் தட்டிச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தார். தட்டுகிற சத்தம் நின்றது.

"ஏ புள்ள, இங்க வா."

கூடையின் அடியில் ஒட்டியிருந்த மண்ணிலிருந்து ஒரு இலையை எடுத்துக் காட்டினார். நீள இலை. அதன் நுனி நூல் போல மெலிந்து சுருண்டிருந்தது.

அது கண்வலிக்கிழங்குக் கொடியின் இலை. எங்கள் காட்டில் வேறு எந்த இலைக்கும் அப்படிச் சுருள் நுனி நாங்கள் பார்த்ததில்லை. அதன் கிழங்கு விஷம். முன்பு எங்கள் தெருவில் ஒருத்தி அதை வேறு ஏதோ கிழங்கு என்று சுட்டுத் தின்றுவிட்டாள். தின்றுவிட்டு உச்சிவெயில் வரை வேலை செய்துகொண்டிருந்தாள். பிறகு வாந்தி, பிறகு வயிற்றால். இப்போது ஊரில் நோயில் போகிறவர்கள் எப்படிப் போகிறார்களோ அப்படியே போனாள்.

"இலை மட்டும்தான் வந்துதா, கெழங்கும் வந்துதா?" என்று நாத்தனார் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. கடைசியாக அள்ளியதில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை. தோல் சீவும்போது விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் ஒன்றுபோல இருந்தது. எல்லாவற்றையும் துருவி ஒன்றாகக் கலந்தாயிற்று. தொட்டியில் படிந்த மாவைப் பார்த்தேன். சுண்ணாம்பு போலப் பளிச்சென்று இருந்தது. அதைத் தெருவில் கொட்டிவிடலாம் என்று தோன்றியது. உள்ளே குழந்தை ஒரு சத்தம் போட்டது. அழுகை இல்லை, அழுவதற்கு அதற்குச் சக்தி இல்லை. இன்னொரு முறை மலைக்குப் போய் வர அதற்கு நேரம் இருக்காது.

நாத்தனார் அடுப்பை மூட்டினார். தண்ணீர் கொதித்ததும் ஒரு கை மாவைக் கரைத்து ஊற்றிக் கிளறினார். கஞ்சி கண்ணாடி போலத் தெளிந்து வந்தது. அதை ஒரு கிண்ணத்தில் ஊற்றி ஆற்றினார்.

"நான் குடிக்கிறேன். பொழுது சாயற வரைக்கும் பாரு. நான் நல்லா இருந்தா கொழந்தைக்குக் குடு."

"வேணாங்க்கா" என்றேன். அவர் கையைப் பிடித்தேன். அவர் கையை நான் தொட்டது அதுதான் முதல் தடவை.

"வுடு. எனக்கு யாரு இருக்கா அழ?"

"நான் இருக்கறேனுங்க."

அவர் என் கையை மெல்ல விலக்கினார். பிறகு கிண்ணத்தைத் தூக்கிக் குடித்துவிட்டார்.

அந்தப் பகலை இப்போது நினைத்தாலும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரைத் துணியில் நனைத்து அதன் வாயில் பிழிந்துகொண்டிருந்தேன். கண் மட்டும் நாத்தனார் மேலேயே இருந்தது. அவர் எருமைக்குத் தண்ணீர் காட்டினார், கட்டுத்தறியைக் கூட்டினார், கேழ்வரகு புடைத்தார். அவர் குனிந்தால் வயிற்று வலியோ என்று பயந்தேன். உட்கார்ந்தால் மயக்கமோ என்று பயந்தேன். ஒரு தடவை ஏப்பம் விட்டார், என் உடம்பெல்லாம் தூக்கிப் போட்டது. அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

நான் குழந்தையோடு ஓடினேன். அவர் மண்டிபோட்டுக் கிடந்தார். முகம் வெளுத்திருந்தது. விஷமா, ஊர் நோயா, எது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். "யாராச்சும் வாங்களேன்!" என்று தெருப் பக்கம் பார்த்துக் கத்தினேன். ஒரு கதவும் திறக்கவில்லை.

"கத்தாத" என்றார் நாத்தனார். வாயைத் துடைத்துக்கொண்டார். "கசப்பு. நாக்கெல்லாம் கசக்குது. மாவு சரியாக் கழுவல."

"விஷமும் கசக்குமேங்க்கா."

"கசக்கும்." அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "நேத்துலருந்து வெறும் வயிறு வேற. போயி இன்னும் தண்ணி மாத்து. மேல மஞ்சளா ஒரு பொட்டு நிக்கக் கூடாது."

நான் போய்க் கழுவினேன். கலக்குவதும், படிய விடுவதும், இறுப்பதுமாகக் கழுவினேன். ஒவ்வொரு தடவை மாவு படியும் நேரத்திலும் கொல்லைப்புறம் ஓடிப்போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டாவது தடவை வாந்தி வரவில்லை. வயிற்றாலும் போகவில்லை. தண்ணீர் நிறம் மாறாமல் நின்றபோது அவரே எழுந்து வந்து மாவை நாக்கில் தொட்டுப் பார்த்தார். மறுபடி கஞ்சி காய்ச்சச் சொன்னார். மறுபடியும் முதலில் அவர்தான் குடித்தார். இந்தத் தடவை நான் தடுக்கவில்லை. எனக்குத் தடுக்கத் தெம்பு இல்லை.

மலை நிழல் எங்கள் தெருவில் இறங்கியது. நாத்தனார் நிலைப்படிக்கு உள்ளே, எனக்கு எதிரில், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. குழந்தையின் கை கால் சில்லிட ஆரம்பித்திருந்தது.

"குடு" என்றார்.

"இன்னும் கொஞ்சம் பாக்கலாமுங்க."

"அதுக்குப் பாக்க நேரமில்ல. எனக்கு ஒன்னும் இல்ல. குடு."

பாலாடைச் சங்கால் நான் புகட்டியபோது கஞ்சி குழந்தையின் கழுத்தில் வழிந்தது. நாத்தனார் பாலாடையை வாங்கிக்கொண்டார். குழந்தையைத் தன் மடிக்கு மாற்றி, சுண்டுவிரலால் அதன் உதட்டைப் பிரித்து, சொட்டுச் சொட்டாக விட்டார். குழந்தை விழுங்கியது. நாங்கள் இரண்டு பேரும் அதன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாந்தி வரவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அது நாக்கை நீட்டி உதட்டை நக்கியது.

காலையில், அதுவரை நின்றிருந்த மூத்திரம் அதற்குப் போயிற்று. மடி நனைந்ததும் நாத்தனார், "ஏ புள்ள, பாரு, பாரு!" என்று கூவினார். சன்னலைச் சாத்திய எதிர்வீட்டுக்காரிக்குக்கூட அது கேட்டிருக்கும்.

குழந்தை தேறுவதற்கு ஆடி வரை ஆயிற்று. அதுவரை அந்த மாவைத்தான் காய்ச்சிக் கொடுத்தோம், ஒவ்வொரு வேளையும் நாத்தனார் குடித்துப் பார்த்த பிறகு. கண்வலிக்கிழங்கு அதில் கலந்திருந்ததா, கழுவலில் போய்விட்டதா, இலை மட்டும்தான் கூடையில் வந்ததா என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. குழந்தைக்கு வந்தது ஊர் நோய்தானா என்பதும் தெரியாது. மலையில் நோய் ஏறவில்லை என்று பிறகு கேள்விப்பட்டோம். மழை நின்று பாதையைத் திறந்ததும் மாவுக்காரி சந்தைக்கு வந்தாள். குழந்தையைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். அன்று அவள் பின்னால் நகர்ந்ததைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் நகர்ந்திருப்பேன்.

என் வீட்டுக்காரர் ஏற்காட்டிலிருந்து வந்தபோது, நாத்தனார் அவரிடம் இதில் எதையும் சொல்லவில்லை. "கொழந்தைக்குக் கொஞ்சம் ஒடம்பு சரியில்லாம இருந்துது" என்றதோடு சரி. நான்தான் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் பல் கிட்டிப்போயிற்று. குழந்தை அதன் அப்பா மடியில் விளையாடிக்கொண்டிருந்தது. நான் மட்டும் இன்னும் அந்தப் பகலிலேயே இருந்தேன்.

அதற்குப் பிறகு வெகுகாலம் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. விடிந்து கண் விழித்ததும் முதலில் குழந்தையைப் பார்ப்பேன். பிறகு சத்தமில்லாமல் எழுந்து போய், சுவரோரம் படுத்திருக்கும் நாத்தனாரின் புடவை மூச்சுக்கு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். அவருக்கு அது தெரியும். கண்ணைத் திறக்காமலே, "இருக்கறன், போயி தண்ணி மொள்ளு" என்பார்.